ஜகதீஷ் சந்திர போஸ்

சர் ஜகதீஷ் சந்திர போஸ் (நவம்பர் 30, 1858 – நவம்பர் 23, 1937) வங்காளத்தைச் சேர்ந்த இந்திய இயற்பியலாளரும் தாவர உடலியங்கியல் அறிஞரும் ஆவார். மில்லிமீட்டர் அளவிலான அலைநீளம் கொண்ட மின்காந்த அலைகளை உருவாக்கி, அவற்றை உணர்ந்தும் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். பின்னர் தாவரங்களின் பக்கம் திரும்பினார். தொட்டாற்சுருங்கி போன்ற செடிகளில், தொட்ட இடத்திலிருந்து இலைக்காம்பு வழியே பரவுவது ஒரு மின்துடிப்பு என்பதைக் கருவிகளின் துணைகொண்டு நிறுவ முயன்றார். வங்காள மொழியின் தொடக்கக்கால அறிவியல் புனைகதையாளருள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார்.

செடிகளுக்கு உயிர் உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர் போஸ் என்ற கருத்து பள்ளி மாணவரிடையே பரவலாக உள்ளது. இது சரியன்று. செடிகளுக்கு உயிர் உண்டு என்பதில் போஸின் காலத்தில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. தமிழில் தொல்காப்பியத்தின் மரபியலே தாவரங்களைத் தொடு உணர்வு மட்டும் உடைய ஓரறிவு உயிர்களாக வகுத்துள்ளது. போஸ் எழுப்பிய வினா வேறு. தொடுதல், வெப்பம், வெட்டு ஆகியவற்றை ஒரு செடி உணரும்போது அதன் உடலில் நிகழ்வது என்ன, அச்செய்தி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு எவ்வாறு செல்கிறது என்பதே அவ்வினா.

இளமையும் கல்வியும்

போஸ் மைமன்சிங்கில் பிறந்தார். இவ்வூர் தற்போது வங்காளதேசத்தில் உள்ளது. குடும்பத்தின் பூர்வீகம் விக்ரம்பூர் பகுதியிலுள்ள ராரிகால் என்னும் சிற்றூர். தந்தை பகவான் சந்திர போஸ் அரசு அலுவலர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில், அவர் தம் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கு ஒரு மீனவரின் மகனும், தந்தையிடம் பணிபுரிந்த ஒரு முஸ்லிம் ஏவலரின் மகனும் போஸுக்கு அருகில் அமர்ந்து படித்தனர். பறவைகள், விலங்குகள், நீர்வாழ் உயிர்கள் பற்றி அவர்கள் கூறிய கதைகளே இயற்கையின் மீது தமக்கு நாட்டம் உண்டாகக் காரணம் என்று 1915 ஆம் ஆண்டு விக்ரம்பூர் மாநாட்டில் ஆற்றிய உரையில் போஸ் நினைவுகூர்ந்தார்.

1869 இல் கொல்கத்தா ஹேர் பள்ளியிலும், தொடர்ந்து புனித சேவியர் பள்ளி, கல்லூரியிலும் பயின்றார். கல்லூரியில் இயற்பியல் கற்பித்த பாதிரியார் லாஃபோன், சோதனைகளைச் செய்து காட்டிப் பாடம் நடத்துவதில் பெயர்பெற்றவர். போஸின் பிற்காலக் கருவிகளின் நேர்த்திக்கு இவருடைய வகுப்பறையே தொடக்கம் எனலாம். 1880 இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றார். தொடர் காய்ச்சல் காரணமாக மருத்துவப் படிப்பைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று 1884 இல் பட்டம் பெற்றார். அங்கு இயற்பியலில் ரேலி பிரபுவும், தாவரவியலில் சிட்னி வைன்சும் இவருடைய ஆசிரியர்கள்.

பிரெசிடென்சி கல்லூரி

1885 இல் நாடு திரும்பிய போஸ் கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகச் சேர்ந்தார். ஒரே பணிக்கு ஐரோப்பியருக்கு வழங்கியதைவிடக் குறைந்த ஊதியமே இந்தியருக்கு வழங்கப்பட்டது. போஸ் அதனை ஏற்கவில்லை, பணியையும் விடவில்லை. மூன்று ஆண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். முடிவில் நிருவாகம் இறங்கிவந்து முழு ஊதியத்தையும் முன்தேதியிட்டு வழங்கியது. அத்தொகை தந்தையின் கடன்களை அடைக்கப் பயன்பட்டது.

இவ்விடைக்காலத்தில், 1887 இல், அபலா தாஸை மணந்தார். அபலாவுக்குத் தமிழகத் தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டிருந்ததால், வங்காள அரசின் உதவித்தொகை பெற்று 1882 இல் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றவர் அவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. பின்னாளில் வங்காளத்தில் பெண்கல்விக்காகவும் கைம்பெண்களின் நலனுக்காகவும் பெரும்பணி ஆற்றினார்.

மின்னலை ஆய்வுகள்

1894 முதல் போஸ் மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். ஆய்வகம் என்று சொல்லத்தக்க வசதி கல்லூரியில் இல்லை. சிறிய அறை ஒன்றில், உள்ளூர்த் தகரக் கொல்லர் ஒருவரைப் பயிற்றுவித்துக் கருவிகளைச் செய்துகொண்டார். பிறர் இதனினும் நீண்ட அலைகளைக் கையாண்டபோது, இவர் அலைநீளத்தை ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். கொல்கத்தா நகர மண்டபத்தில் பொதுமக்கள் முன்னிலையில், கம்பி இணைப்பின்றித் தொலைவிலிருந்தே மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1896 இல் இலண்டன் பல்கலைக்கழகம் அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. 1897 இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உரையாற்றினார். காப்புரிமை பெறுவதில் அவருக்கு விருப்பமில்லை. கலீனா படிகத்தைக் கொண்டு அமைத்த அலை உணர்கருவிக்கு 1904 இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமையும் நண்பர்களின் வற்புறுத்தலால் பெறப்பட்டதே.

இவ்வாய்வுகளின் போது அவர் ஒன்றைக் கவனித்தார். அலைகளை உணரும் உலோகத் துகள் கருவி, தொடர்ந்து பயன்படுத்தினால் உணர்திறன் குன்றியது. சிறிது நேரம் ஓய்வு அளித்தால் மீண்டது. தசை களைப்புற்று மீள்வதைப் பதிவு செய்த வரைகோடும், இவ்வுலோகத்தின் வரைகோடும் ஒத்திருந்தன. இவ்வொப்புமையை 1900 ஆம் ஆண்டு பாரிசில் நடந்த பன்னாட்டு இயற்பியல் மாநாட்டில் முன்வைத்தார். உலோகத்துக்கும் தசைக்கும் நடுவே நிற்பது தாவரம் என்ற எண்ணமே அவரைச் செடிகளிடம் கொண்டு சேர்த்தது.

1901 ஆம் ஆண்டு எதிர்ப்பு

அடுத்துச் சாதாரணச் செடிகளின் காம்புகள், காரட் போன்ற கிழங்குகள் ஆகியவற்றைக் கால்வனோமீட்டருடன் இணைத்து, தட்டும்போதும் முறுக்கும்போதும் அவற்றில் மின்மாற்றம் உண்டாவதைக் கண்டார். குளோரோஃபார்ம், நஞ்சு, கொதிநீர் ஆகியவற்றுக்கு உட்பட்ட திசுவில் அம்மாற்றம் குன்றியது அல்லது மறைந்தது. எனவே இது உயிருள்ள திசுவின் செயலே என்பது அவர் வாதம்.

1901 சூன் 6 ஆம் நாள் இலண்டன் ராயல் சொசைட்டியில் இதனை விளக்கினார். ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர் பர்டன் சாண்டர்சன் எதிர்த்தார். இதில் ஒரு முரண் உண்டு. பூச்சி பிடிக்கும் வீனசு வில்பொறிச் செடியில் மின்துடிப்பை 1873 இலேயே அளந்து காட்டியவர் இதே சாண்டர்சன்தான். அத்தகைய சிறப்பு அசைவுடைய செடிகளுக்கு மட்டுமே இது உரியது, எல்லாச் செடிகளுக்கும் இருக்க இயலாது என்பது அவர் நிலை. உடலியங்கியல் சொற்களைத் தலைப்பிலிருந்து நீக்குமாறு அவர் கூறிய யோசனையைப் போஸ் ஏற்கவில்லை. கட்டுரை அச்சிடப்படாமல் சங்கத்தின் ஆவணக் காப்பறைக்குச் சென்றது.

அதே ஆண்டின் இறுதியில் அகஸ்டஸ் வாலர் என்னும் மற்றோர் உடலியங்கியலாளர், சாதாரணச் செடிகளின் மின்மறுமொழியைத் தம் கண்டுபிடிப்பாக வெளியிட்டார். 1902 இல் லின்னேயன் கழகம் போஸின் கட்டுரையை வெளியிட முன்வந்தது. முன்னுரிமை பற்றிய ஐயம் எழுந்தபோது, கேம்பிரிட்ஜில் போஸின் ஆசிரியராக இருந்த வைன்சு உள்ளிட்டோர் சான்றுகளை ஆராய்ந்து போஸே முந்தியவர் என முடிவு செய்தனர். ஆயினும் 1904 இல் ராயல் சொசைட்டி இவருடைய தாவர ஆய்வுக் கட்டுரைகளின் வெளியீட்டை மீண்டும் நிறுத்திவைத்தது.

இதன் பின் போஸ் ஆய்விதழ்களைச் சார்ந்திராமல் தம் முடிவுகளைப் பெருநூல்களாக வெளியிடலானார். சகோதரி நிவேதிதை இந்நூல்களின் எழுத்துப் பணியில் பேருதவி புரிந்தார். இம்முடிவால் ஓர் இழப்பும் நேர்ந்தது என்றே கூற வேண்டும். ஆய்விதழில் வரும் கட்டுரையைப் பிற வல்லுநர்கள் முன்கூட்டியே குறை கண்டு திருத்துவர். தனி நூலுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

தொட்டாற்சுருங்கி ஆய்வுகள்

தொட்டாற்சுருங்கி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி. தமிழகத்தில் ஈரப்பாங்கான வாய்க்கால் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் காணலாம். தொட்டவுடன் சிற்றிலைகள் இணை இணையாக மூடும். தூண்டல் வலுவாயின் காம்பு முழுவதும் கீழே தொங்கும். காம்பின் அடியில் உள்ள அதைப்பு என்னும் பருத்த பகுதியே இவ்வசைவின் இருப்பிடம்.

தூண்டல் காம்பின் வழியே செல்லும் முறை பற்றி அப்போது நிலவிய கருத்து நீரழுத்தக் கோட்பாடு ஆகும். குழாயில் நீரை அழுத்தினால் மறுமுனையில் தெரிவது போன்றதே இது. உயிர்ச்செயல் எதுவுமில்லை என்றனர் அறிஞர்களான பெஃபரும் ஹேபர்லாண்டும். குளோரோஃபார்மில் மயக்கிய காம்புப் பகுதியையும் தூண்டல் கடந்து சென்றது என்பது பெஃபர் காட்டிய சான்று.

இதனை மறுக்க, துல்லியமான கால அளவு போஸுக்குத் தேவைப்பட்டது. இலையின் இழுவிசை மிகச் சிறிது. இலையுடன் இணைத்த நெம்புகோலின் முனை புகைபடிந்த கண்ணாடித் தகட்டில் உராய்ந்தால் அவ்வுராய்வே பதிவைக் கெடுத்துவிடும். போஸ் இதற்கு ஓர் அழகிய தீர்வு கண்டார். எழுதுமுனை தகட்டில் ஓயாமல் உராயாது, நொடிக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அதிர்ந்து தகட்டைத் தட்டி மீளும்படி செய்தார். எனவே பதிவு கோடாக அன்றிப் புள்ளிகளாக அமைந்தது. உராய்வும் நீங்கியது, அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளியே கடிகாரமாகவும் ஆயிற்று. நொடிக்கு 100 அதிர்வுகள் எனில், ஒவ்வொரு புள்ளியும் நொடியில் நூற்றில் ஒரு பங்கைக் குறிக்கும். இன்றைய எண்ணிமப் பதிவுகளில் குறித்த இடைவெளியில் மாதிரி எடுப்பதும் ஏறத்தாழ இதே கருத்துதான்.

இக்கருவியால் தொட்டாற்சுருங்கிக் காம்பில் தூண்டல் நொடிக்கு 30 மில்லிமீட்டர் வரையிலான வேகத்தில் செல்வதை அளந்தார். மனித நரம்புகளின் வேகத்துடன் ஒப்பிட்டால் இது ஆமை வேகமே. ஆனால் குளிர்வித்தால் வேகம் குறைந்தது, வெப்பத்தில் கூடியது. காம்பின் ஒரு பகுதியை நஞ்சினால் செயலிழக்கச் செய்தபோது தூண்டல் தடைப்பட்டது. வெறும் நீரழுத்தமாயின் நஞ்சு அதனைத் தடுக்க வேண்டியதில்லை. மேலும், நுண்ணிய மின்முனை ஒன்றைக் காம்பினுள் படிப்படியாகச் செலுத்தி, எந்த ஆழத்தில் மின்மாற்றம் மிகுகிறது எனத் தேடினார். உணவைக் கடத்தும் புளோயம் திசுவில் அது உச்சம் அடைந்தது. அதனைச் செடியின் நரம்பு என்றே அழைத்தார். சிற்றிலைகள் தாமே ஏறி இறங்கும் தொழுகண்ணிச் செடியையும் இவ்வாறே ஆராய்ந்து, அதன் துடிப்பை இதயத் துடிப்புடன் ஒப்பிட்டார்.

1914 இல் உயிருள்ள செடிகளையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு இங்கிலாந்து, வியன்னா, அமெரிக்கா எனப் பயணம் செய்து சோதனைகளை நேரிலேயே காட்டினார். வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்னும் கருவி குறித்து 1920 இல் இலண்டனில் ஐயம் கிளப்பப்பட்டது. அறிவியலாளர் குழுவொன்று அதனை நேரில் ஆய்ந்து சரியானதே எனச் சான்றளித்தது. அதே ஆண்டு, முன்பு கட்டுரையை முடக்கிய ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

அயனி வாய்க்கால்களும் போஸின் முடிவுகளும்

போஸிடம் பதிவுகள் இருந்தன; அவற்றை விளக்கும் பொறிமுறை இல்லை. அப்பொறிமுறை அவர் மறைந்து பல்லாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. எனவே அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வின் ஊடாக அயனிகள் தாமாகச் செல்ல இயலாது. சவ்வில் பதிந்துள்ள சிலவகைப் புரதங்களின் நடுவே நுண்ணிய வழி உண்டு. இவையே அயனி வாய்க்கால்கள். இவற்றை ஏரியின் மதகுக்கு ஒப்பிடலாம். உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் மதகைத் திறப்பவர் நீரைத் தள்ளுவதில்லை. ஏரியில் ஏற்கெனவே உயர்ந்து நிற்கும் நீர் தானே பாய்கிறது. அதுபோல உயிரணு தன் ஆற்றலைச் செலவிட்டு அயனிகளை உள்ளும் புறமும் ஏற்றத்தாழ்வாக முன்பே சேர்த்து வைக்கிறது. வாய்க்கால் திறந்ததும் அவை பாய்கின்றன, மின்னழுத்தம் மாறுகிறது. மதகுக்கு ஓர் ஆள் வேண்டும். வாய்க்காலுக்கு வேண்டியதில்லை என்பதே வேறுபாடு. சில வாய்க்கால்கள் சவ்வு இழுபடும்போது திறக்கும். சில மின்னழுத்தம் மாறினால் திறக்கும். சில வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறக்கும். நம் காதின் மயிரணுக்களில் ஒலியால் மயிரிழைகள் சாயும்போது வாய்க்கால் இழுபட்டுத் திறக்கிறது. கண்ணின் ஒளியணுக்களிலோ இதற்கு மாறாக, ஒளி பட்டதும் வாய்க்கால்கள் மூடுகின்றன.

தொட்டாற்சுருங்கியில் தூண்டல் பட்டதும் கால்சியம் அயனிகள் உயிரணுவினுள் புகுகின்றன. அதனைத் தொடர்ந்து குளோரைடு அயனிகள் வெளியேறுகின்றன. இதனால் மாறிய மின்னழுத்தம் பொட்டாசியம் வாய்க்கால்களைத் திறக்கிறது, பொட்டாசியமும் வெளியேறுகிறது. விலங்கின் நரம்பில் சோடியம் உட்புகுவதால் உண்டாகும் மின்துடிப்பு, செடியில் பெரும்பாலும் குளோரைடு வெளியேறுவதால் உண்டாகிறது. அதைப்பின் கீழ்ப்பாதி உயிரணுக்களை இத்துடிப்பு அடைந்ததும், வெளியேறும் அயனிகளுடன் நீரும் வெளியேறி விறைப்பழுத்தம் குன்றுகிறது, காம்பு சாய்கிறது. அயனிகளை மீண்டும் உள்ளே ஏற்றப் பல நிமிடங்கள் பிடிக்கும். மூடிய இலை விரியத் தாமதமாவது இதனாலேயே.

1902 இல், போஸின் உயிருள்ளவை, உயிரற்றவை ஆகியவற்றின் மறுமொழி பற்றிய நூல் வெளிவந்த அதே ஆண்டில், ஜெர்மனியின் யூலியஸ் பெர்ன்ஸ்டைன் நரம்பின் மின்னழுத்தத்தைப் பொட்டாசியம் அயனியையும் சவ்வையும் கொண்டு விளக்கும் கோட்பாட்டை வெளியிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. உடலியங்கியல் அவ்வழியே சென்றது. உலோகத்திலிருந்து தொடங்கிய போஸ், எல்லாப் பொருள்களுக்கும் பொதுவான மூலக்கூற்றுத் திரிபையே காரணமாகக் கருதினார், சவ்வைக் கருதவில்லை. 1952 இல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி ஆகியோர் கணவாயின் நரம்பில் அயனி ஓட்டங்களை அளந்தனர். 1976 இல் நேயர், சக்மான் ஆகியோர் தனியொரு வாய்க்கால் திறந்து மூடுவதைப் பதிவு செய்தனர். 1984 இல் அம்முறை செடிகளின் இலைத்துளைக் காப்பணுக்களிலும் பயன்படுத்தப்பட்டது.

2022 இல் ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கால்சியம் மிகும் இடத்தில் ஒளிரும்படி மரபணு மாற்றிய தொட்டாற்சுருங்கியை உருவாக்கினர். கால்சியம் அலையும் மின்துடிப்பும் ஒன்றாகப் பரவி, அவை அதைப்பை அடைந்ததும் இலை மூடுவதைக் கண்டனர். மூட இயலாதவாறு மாற்றப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் மிகுதியாகத் தின்றன. மயக்க மருந்துகள் செடிகளின் மின்துடிப்பை நிறுத்தும் என்பதும் வீனசு வில்பொறிச் செடியில் உறுதி செய்யப்பட்டுள்ளது.

ஏற்கப்படாத கருத்துகள்

போஸின் எல்லா முடிவுகளும் நிலைபெறவில்லை. 1916 இல் இத்தாலியின் ரிக்கா, வெட்டிய தண்டின் இரு துண்டுகளை நீர் நிரம்பிய குழாயால் இணைத்து, தூண்டல் நீரைக் கடந்து மறுதுண்டை அடைவதைக் காட்டினார். வேதிப்பொருள் ஒன்று செல்கிறது என்பது அவர் முடிவு. போஸ் இதனை ஏற்கவில்லை. காயம்படும்போது சைலம் வழியாக நீரழுத்தமும் வேதிப்பொருள்களும் ஒரு மெதுவான தூண்டலைச் சுமந்து செல்கின்றன என்பதும், மென்மையான தொடுதலில் மின்துடிப்பே செல்கிறது என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தது. ஒரே செடியில் இரு வழிகள் இருந்தன. இரு தரப்பினரும் ஒன்றை மட்டுமே ஏற்று வாதிட்டனர்.

மரங்களில் நீர் மேலேறுவது உள்ளுயிரணுக்களின் துடிப்பால் என்ற அவருடைய கோட்பாடு பிழையானது. இலைகளில் நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுவிசையே காரணம். அதைப்பின் அசைவைத் தசைச் சுருக்கமாகக் கருதியதும் இன்று ஏற்கப்படுவதில்லை. செடியின் நரம்பு என்ற அவர் சொல்லாட்சி மிகுந்த தீங்கு செய்தது. செடிகளுக்கு நரம்பணுக்களோ மூளையோ இல்லை. இச்சொற்களைப் பற்றிக்கொண்டு, செடிகள் சிந்திக்கின்றன, அழுகின்றன என்றெல்லாம் எழுதியோரின் கூற்றுகளும் போஸின் கணக்கில் சேர்ந்தன. அவருடைய அளவீடுகளைத் தாவரவியலாளர் பலர் நெடுங்காலம் பொருட்படுத்தாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிற்காலம்

1915 இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917 இல் சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் நாள், தம் பிறந்தநாளில், சொந்தச் சேமிப்பையும் நன்கொடைகளையும் கொண்டு கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். ஆய்வின் பயன்களுக்குக் காப்புரிமை பெறுவதில்லை என்பது அதன் தொடக்கக்கால நெறி. 1911 இல் டார்ஜிலிங்கில் மறைந்த நிவேதிதையின் நினைவாக, விளக்கேந்திய பெண்ணின் உருவம் அங்கு அமைக்கப்பட்டது. 1927 இல் லாகூரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார்.

இரவீந்திரநாத் தாகூர் இவருடைய நெருங்கிய நண்பர். வெளிநாட்டு ஆய்வுகளுக்குத் திரிபுரா மன்னரிடமிருந்து பொருளுதவி பெற்றுத் தந்தவர். 1896 இல் போஸ் எழுதிய, கூந்தல் எண்ணெயால் புயல் அடங்கும் கதை, எண்ணெய் நிறுவனம் ஒன்றின் கதைப்போட்டியில் பரிசு பெற்றது. அதன் விரிந்த வடிவம் அவ்யக்த என்னும் 1921 ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

போஸ் 1937 நவம்பர் 23 ஆம் நாள் கிரிடியில் காலமானார். இவ்வூர் தற்போது ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ளது. நிலவின் மறுபக்கத்திலுள்ள ஒரு பள்ளத்திற்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. ஹவுராவின் ஷிப்பூரிலுள்ள இந்தியத் தாவரவியல் பூங்கா 2009 முதல் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.